பாராதைராய்டு குறைபாடு: வலிப்பு என்று நினைப்பது கால்சியம் குறைவாகவும் இருக்கலாம்

கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு சுரப்பிகள் உள்ளன. இவையே பாராதைராய்டு சுரப்பிகள். மனித உடலில் இவை இருப்பதை ஸ்வீடனைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-இல் எழுதி வெளியிட்டார்.

இவற்றின் ஹார்மோன் எலும்பிலுள்ள கால்சியத்தை இரத்தத்துக்குக் கொண்டுவருகிறது. சிறுநீரில் அது வீணாகாமல் தடுக்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்பட வைக்கிறது. ஹார்மோன் போதாமல் போனால் இரத்தத்தில் கால்சியம் குறையும். இந்த அரிய நோய்க்கு ஹைப்போபாராதைராய்டிசம் என்று பெயர்.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் தைராய்டு அறுவை சிகிச்சையின்போது இச்சுரப்பிகள் பாதிக்கப்படுவதால் வருகிறது. சிலருக்குப் பிறவிக் குறைபாட்டாலும், உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் வரும்.

அறிகுறிகள்

உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, தசைப்பிடிப்பு, கைவிரல்கள் கோணிக்கொள்ளுதல் ஆகியவை ஏற்படும். கடுமையானால் வலிப்பு, மூச்சுத் திணறல், இதயத் துடிப்பில் கோளாறு உண்டாகலாம். கை கோணி வலிப்பு வந்தவுடன் கண்ணேறு, ஷைத்தான் தீண்டல் என்று முடிவுகட்டி, தாயத்து தேடி நாட்களைக் கடத்த வேண்டாம். துஆ செய்யுங்கள், கூடவே உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரியும்.

சிகிச்சை

கால்சியம் மாத்திரையும், கால்சிட்ரியால் என்னும் செயல்படும் வைட்டமின் டி-யும் தரப்படும். பலருக்கு இது வாழ்நாள் சிகிச்சை. பாலும் கேழ்வரகும் மட்டும் இதற்கு ஈடாகாது. மாத்திரையைத் தானாகக் கூட்டவும் கூடாது. கால்சியம் மிகுந்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை உடலில் சேராது. தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நோன்பு வைக்கலாமா?

கால்சியம் மாத்திரையைப் பகலிலும் பிரித்துச் சாப்பிட வேண்டியவர்கள் பலர். நோன்புக்காக அதை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை (2:184, 185) இருக்கிறது. பின்னர் நோற்க இயலுமானால் களா செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லாத நோயென்றால், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. சலுகையை ஏற்பவரை, நோன்பை விட்டவர் என்று வீட்டார் குத்திப் பேச வேண்டாம். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுத்து, அவருக்குத் துணையாக இருங்கள்.