இருபத்தோரு விளக்கும் ஒரு திரையும்

தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கோபாலபுரத்தைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பலருக்குத் தமிழ் வீட்டு மொழியாகவே இருக்கிறது. இன்னும் மேற்கே போனால், பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், தோல்பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் கம்பனின் பாடல்களைத் தமிழிலேயே பாடுகிறார்கள். தாரிகனோடு போரிட்டதால் இராம இராவண யுத்தத்தைக் காணத் தவறிய பத்ரகாளிக்காக நடக்கும் கூத்து இது. பார்க்க ஆளே இல்லாத இரவிலும் நிற்காது. பக்திக்கும் தமிழுக்கும் சான்றாக இதைப் போற்றுகிறோம். நம் மண்ணில் வளர்ந்த ஒளித் தொழில்நுட்பம் என்றும் இதைப் போற்ற வேண்டும் என்பதே என் வாதம்.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் இது விளங்கும். சுமார் 42 அடி நீள மாடத்தில், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுகிறார்கள். ஒரே விளக்கென்றால் திரையின் நடுப்பகுதி மட்டும் வெளிச்சமாகி ஓரங்கள் இருண்டுவிடும். வரிசை விளக்கு நீளம் முழுவதையும் நிரப்புகிறது. ஆனால் விளக்குகள் பலவானால் நிழலும் பலவாகிக் கலங்கும். அதனால்தான் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். அங்கே விளிம்பு கூர்மையாக விழுகிறது. தோலில் குத்திய சிறு துளைகள் வழியே கசியும் ஒளி நகையாகவும் ஆடையின் பூவேலையாகவும் மின்னுகிறது. சுடர் நடுங்கும்போது அசையாத பாவையும் மூச்சு விடுவதுபோல் தோன்றுகிறது.

இது சடங்குதானே, தொழில்நுட்பம் எப்படி ஆகும் என்று கேட்கலாம். சூத்திரம் எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் விளக்கின் வரிசை, திரையின் நீளம், பாவையின் இடம் ஆகியவற்றைத் தலைமுறைதோறும் பிசகாமல் காத்துத் தந்தது அந்தச் சடங்குதான். புகையும் சூடும் எண்ணெய்ச் செலவும் எதற்கு, எல்இடி போதாதா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குழுவினர் இயந்திரப் பாவைகளைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டார்கள். புதுமைக்கு இந்தக் கலை அஞ்சவில்லை. ஆயினும் சீராக எரியும் எல்இடி நிழலை உறையவைத்துவிடும். மின்னணுச் சுற்றால் அதையும் நடுங்கவைக்க முடியும். ஆனால் எவ்வளவு, எந்தத் தாளத்தில் என்பதைச் சுடரிடம்தான் கற்க வேண்டும். கோயிலுக்கு வெளியே, பள்ளி மேடைகளுக்கு எல்இடி தாராளமாக வரட்டும். அதை வடிவமைப்பவர் முதலில் ஓர் இரவு முழுவதும் திரைக்குப் பின்னால் அமர்ந்து, அந்தத் தேங்காய் மூடி விளக்குகளின் அசைவை அளந்து குறித்துக்கொள்ளட்டும்.