டிரைவர் வராத அச்சுப்பொறி

1712-இல் கடல் தாண்டி சென்னைக்கு ஓர் அச்சுப்பொறி வந்தது. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குவுக்காக லண்டனிலிருந்து அனுப்பியது. கூடவே ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரையும் கப்பலேற்றியிருந்தார்கள். வழியில் ரியோ டி ஜெனீரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டியது. ஒருவழியாக மீண்டு புறப்பட்டால், நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்தில் ஃபிங்க் இறந்துபோனார். மெஷின் வந்து சேர்ந்தது, ஓட்டுகிறவர் வரவில்லை. டேனிஷ் படையில் அச்சுவேலை தெரிந்த ஒரு சிப்பாயைத் தேடிப் பிடித்துத்தான் வேலையை ஆரம்பித்தார்கள்.

கணினிக்காரர்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: ஹார்டுவேர் இருக்கு, டிரைவர் இல்லை. முந்நூறு வருஷம் கழித்தும் அதே பிரச்சினைதான்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் வல்லம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்த மாதிரி ஊர்களில் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். சிட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஏதோ ஒரு தாள் வேண்டும். தாள் வராவிட்டால் நாளைக்கு இன்னொரு கூலி போகும். அப்படி ஒரு கடையில் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, அதையே சர்வராக்கி, யூ.எஸ்.பி. கேபிளில் ஒரு ஹெச்.பி. லேசர்ஜெட் 1020-ஐ மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நம்மூரில் இந்த மாடலைப் பார்க்காதவர் குறைவு. 2005-இல் வந்த சின்ன, கெட்டியான மெஷின்.

கரண்ட் போகிறது, வருகிறது. சர்வர் யூ.பி.எஸ்-இல் இருந்ததால் அணையவே இல்லை. லேசர் பிரிண்டர் இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது என்பதால் அதை நேராகச் சுவரில் சொருகியிருப்பார்கள். அது அணைந்து எரிந்தது. பச்சை விளக்கு இருக்கிறது, கேபிள் சரி, பிரிண்ட் மட்டும் வரவில்லை.

என்ன ஆச்சு? இந்த பிரிண்டர் தன் ஃபர்ம்வேரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை எழும்போதும் கணினிதான் அந்தச் சின்னக் கோப்பை யூ.எஸ்.பி. வழியாக அனுப்பி, நீ யார், உன் வேலை என்ன என்று சொல்லித்தர வேண்டும். விண்டோஸில் கம்பெனி கொடுத்த டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். லினக்ஸில் அதைச் செய்தது ரிக் ரிச்சர்ட்சன் என்ற தனி மனிதர் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவர்.

ஆக, தேடவேண்டிய வரிசை இதுதான். முதலில், கெர்னலுக்கு அந்த பிரிண்டர் தெரிகிறதா? தெரியும், ஏனென்றால் மறந்துபோன நிலையிலும் அது தன் பெயரைச் சொல்லும். நம்மை ஏமாற்றுவது இந்த இடம்தான். அடுத்து, அது தரும் அடையாள வரியில் ஃபர்ம்வேர் பதிப்பு எண் இருக்கிறதா? இல்லையென்றால் பாடம் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? இங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது. 2009-இல் வந்த கப்ஸ் 1.4, பிரிண்டரிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்தது. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தது கெர்னலின் யூ.எஸ்.பி.எல்.பி. மாட்யூல். ஒரே கதவில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும் என்று சில லினக்ஸ் பதிப்புகளில் மாட்யூலைத் தடைசெய்தார்கள். ஃபர்ம்வேரை ஏற்றும் ஸ்கிரிப்ட் நம்பியிருந்ததோ அதே மாட்யூலைத்தான். கப்ஸ் சரி, ஸ்கிரிப்ட் சரி, நடுவில் பிரிண்டர் ஊமை.

இதைச் சரிசெய்த பிறகும் தாள் வராமல் இருக்கலாம். ஒரு வேலை தோற்றால், மாற்றிச் சொல்லாதவரை, கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்தி வைத்துவிடும். மறுபடி ஓடு என்று நாம் சொல்லும்வரை சான்றிதழ்கள் உள்ளே அடுக்கிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் பத்துமுறை பிரிண்ட் கொடுத்தவருக்குப் பத்துப் பிரதியும் சேர்ந்து வரும்!

இத்தனைக்கும் யுனிக்ஸ் அச்சுவேலைக்குப் புதிதல்ல. 1971 வாக்கில் பெல் ஆய்வகத்தில் அதன் முதல் நிஜ வாடிக்கையாளரே காப்புரிமைத் துறைதான், விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து எடுப்பதற்கு. 1980 வாக்கில் எம்.ஐ.டி-யில் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு ஜெராக்ஸ் பிரிண்டர் ஒன்றின் மூலநிரல் கிடைக்காமல் போனதும் தெரிந்த கதை. முந்தைய பிரிண்டரில், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் சேதி போகும்படி செய்திருந்தார். புதியதில் அதைச் செய்யவிடவில்லை. 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்தக் கோபம் ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொல்வது சினிமாத்தனம். ஆனால் கோபத்தின் இலக்கு சரி. பிரிண்டரின் பாதி, கணினிக்குள் இருக்கும் நிரலில் இருக்கிறது. அந்தப் பாதி யார் கையில் இருக்கிறதோ, பிரிண்டர் அவருடையது.

தமிழ்க்காரர்களுக்கு இது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள் ஆங்கில எழுத்துகள் பொறித்தே வந்தன. 'ஏ' என்று அனுப்பினால் 'ஏ' அடிக்கும். தமிழ் உள்ளே இல்லை. அதனால் ஒவ்வொரு ககரமும் கொம்பும் காலும் கணினியில் புள்ளிகளாகி, படமாகத்தான் போக வேண்டியிருந்தது. 1020 மாதிரி மலிவு பிரிண்டர்கள் எல்லா மொழிகளையும் நம் நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டன. பக்கத்தைக் கணினியே வரைந்து அனுப்பும், பிரிண்டர் வெறும் கை. விலை குறைந்ததன் ரகசியம் இதுதான். அதன் கடனை டிரைவர் எழுதுகிறவர் அடைக்கிறார்.

மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளிவந்த கப்ஸை ஆப்பிள் 2007-இல் வாங்கியது. அதே ஸ்வீட் 2019 கடைசியில் ஆப்பிளிலிருந்து விலகி, இப்போது ஓப்பன்பிரிண்டிங் குழுவோடு அதை வளர்க்கிறார். அடுத்து வரும் கப்ஸ் 3, பழைய பாணி டிரைவர்களை நேரடியாக ஏற்காது. புது பிரிண்டர்களுக்கு டிரைவரே தேவையில்லை, பொது மொழியில் பேசிக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் வல்லத்தில் புது பிரிண்டர் யார் வாங்குவது? இருபது வருஷ மெஷின் இன்னும் ஓடுகிறது, டோனர் மலிவாகக் கிடைக்கிறது. அதற்கென்று யாராவது ஒருவர் பழைய டிரைவரைப் புதிய உறையில் போட்டுத் தரவேண்டும். அதுவரை, கரண்ட் வந்ததும் சர்வரிலிருந்து அந்த ஃபர்ம்வேர் கோப்பைக் கையால் அனுப்பிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும்.