கடல் நடுவே ஒரு மலையூர்



உலகப் படத்தை விரித்து, ஆபிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே பரந்து கிடக்கும் தென் அத்திலாந்திக் சமுத்திரத்தைச் சற்று உற்று நோக்குங்கள். அதன் நடுவே ஊசிமுனையளவு புள்ளியொன்று தென்படக் கூடும். பல படங்களில் அப்புள்ளியும் இராது. திரிஸ்தான் டா கூன்யா என்பது அத்தீவின் பெயர். 1506 ஆம் ஆண்டில் அதனை முதன்முதற் கண்ட போர்த்துக்கேய மாலுமியின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. அங்கிருந்து, மக்கள் வாழும் மிக அண்மைய தீவாகிய சென் ஹெலினாவுக்குச் செல்ல ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் கடலைக் கடத்தல் வேண்டும். தென்னாபிரிக்காவின் கேப்டவுண் நகரமோ 2,700 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது.

தீவு என்று சொல்கிறோமாயினும், உண்மையில் இது கடலடியிலிருந்து எழுந்து நிற்கும் ஓர் எரிமலையே ஆகும். அதன் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2,062 மீற்றர் உயர்ந்தது. கரையெங்கும் செங்குத்தான பாறைச் சுவர்கள். வடமேற்கு மூலையில் மட்டும், மலையடியில், ஒடுங்கிய சமநிலத் துண்டு ஒன்று உண்டு. ஊர் அமைந்திருப்பது அங்கேதான். முன்னே கொந்தளிக்கும் கடல். பின்னே முகில் மூடிய மலை. இவ்விரண்டுக்கும் இடையே மனிதர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர். எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நெப்போலியன் சென் ஹெலினாவிற் சிறை வைக்கப்பட்டிருந்த காலம் அது. அவனை விடுவிக்க முயல்வோர் இத்தீவைத் தளமாகக் கொள்ளக்கூடும் என்று அஞ்சிய பிரித்தானியர், 1816 ஆம் ஆண்டில் இங்கு ஒரு சிறு படையை நிறுத்தினர். அடுத்த ஆண்டிலேயே படை திரும்ப அழைக்கப்பட்டது. ஆனால் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் என்னும் படைவீரர், தம் மனைவி மக்களோடு அங்கேயே தங்க விரும்பினார். வேறு இருவர் அவருடன் சேர்ந்துகொண்டனர். 1817 நவம்பரில் அவர்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை எழுதினர். உடைமைகள் அனைவருக்கும் சமம். ஊதியமும் செலவும் சமபங்கு. எவரும் எவர்க்கும் மேலானவர் அல்லர் என்பதே அதன் சாரம். பேரரசொன்றின் படையிற் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகிய மனிதர், கட்டளையிடுவோர் இல்லாத ஊர் ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

1827 ஆம் ஆண்டில், தனித்திருந்த ஆடவர்க்கு மனைவியராக ஐந்து பெண்கள் சென் ஹெலினாவிலிருந்து கப்பலில் வந்தனர். கப்பல் உடைந்து கரையேறியோர் சிலரும் அங்கேயே நிலைத்தனர். 1892 ஆம் ஆண்டில் இத்தாலியக் கப்பலொன்று அவ்வாறு கரையில் மோதியபோது ஒதுங்கிய இரு மாலுமிகளின் குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கு வழங்குகின்றன. பல நாட்டு இரத்தம் கலந்த மக்கள், சில குடும்பப் பெயர்களுக்குள் அடங்கிய ஒரே உறவினராயினர்.

அவர்களின் வாழ்வு உருளைக்கிழங்கைப் பற்றி நின்றது. ஊரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிற் கல்வேலி சூழ்ந்த தோட்டங்கள். அங்கே கடற்பாசியையும் எருவையும் இட்டுக் கிழங்கு பயிரிட்டனர். எரிமலைக் கல்லை வெட்டிச் சுவர் எழுப்பி, நாரிலை கொண்டு கூரை வேய்ந்தனர். பெருமரங்கள் இல்லாத நிலமாதலால், மரச் சட்டத்தின்மேல் கித்தான் போர்த்திய நீண்ட படகுகளைச் செய்து, அயல் தீவுக்குச் சென்று கடற்பறவைகளின் முட்டைகளைச் சேகரித்தனர். பணம் அங்கே நெடுங்காலம் புழங்கவில்லை. 1946 ஆம் ஆண்டில் இத்தீவுக்கென முன்மொழியப்பட்ட ஒரு முத்திரையில், ஒரு பென்னி என்பதனுடன் நான்கு உருளைக்கிழங்கு என்றும் விலை குறிக்கப்பட்டிருந்தது!

இவற்றைக் கேட்டு, அஃது ஒரு கவலையற்ற பொன்னுலகம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பாய்க்கப்பல்கள் சென்ற காலத்தில் அவற்றுக்கு இறைச்சியும் கிழங்கும் கொடுத்து, மாவும் துணியும் பெற்றனர். 1869 ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், நீராவிக் கப்பல்கள் பெருகியதும், அவ்வழி வரும் கலங்களைக் குறைத்துவிட்டன. 1885 நவம்பர் 28 ஆம் நாள், தொலைவிற் கண்ட கப்பலொன்றை எட்டிப் பண்டமாற்றுச் செய்யும் ஆவலில் பதினைந்து ஆடவர் ஒரே படகிற் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் மீளவில்லை. ஊரின் உழைக்கும் ஆடவருள் பெரும்பாலோர் ஒரே நாளில் மறைந்தனர். விதவைகளும் பிள்ளைகளும் நிறைந்த ஊராயிற்று அது. தனிமைக்கு அவர்கள் கொடுத்த விலை அத்தகையது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆம் ஆண்டில், பிரித்தானியக் கடற்படை அங்கே வானொலி நிலையம் ஒன்றை அமைத்தது. அதனோடு கூலியும் நாணயமும் வந்தன. போருக்குப் பின்னர் சிங்க இறால் பிடித்துப் பதனிடும் தொழில் தோன்றியது. ஊர் சற்றே நிமிர்ந்த வேளையில், மலை விழித்துக்கொண்டது.

1961 ஓகஸ்ட் முதல் நிலம் அதிரலாயிற்று. ஒக்டோபரில், குடியிருப்புக்கு மிக அண்மையிலேயே தரை பிளந்து, நெருப்புக் குழம்பு வெளிப்பட்டது. 264 தீவு மக்களும் உடுத்த உடையோடு படகேறி அயல் தீவை அடைந்து, பின்னர் கேப்டவுண் வழியாக இங்கிலாந்து சேர்ந்தனர். நவம்பர் 3 ஆம் நாள் சௌத்ஹம்ரன் துறைமுகத்தில் இறங்கிய அவர்களுக்கு முதலில் ஒரு பழைய முகாமிலும், பின்னர் கடலோரமாய்க் கால்சொட் என்னுமிடத்திலும் வீடுகள் அளிக்கப்பட்டன. வேலை கிடைத்தது, மின்சாரமும் தொலைக்காட்சியும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. ஆனால் பழகாத நோய்கள் அவர்களைத் தாக்கின. முதியோர் சிலர் அந்நிய மண்ணிலேயே கண் மூடினர்.

இத்தனை வசதிகளையும் கண்டபின் இவர்கள் திரும்பிச் செல்லமாட்டார்கள் என்றே பலர் கருதினர். தீவின் வீடுகள் பெரும்பாலும் தப்பியுள்ளன என்பதை, 1962 ஆம் ஆண்டில் அங்கு சென்ற ஆய்வாளர் கண்டறிந்தனர். இறால் ஆலையும் படகு இறங்கும் கரையும் மாத்திரம் குழம்பின் கீழ் மறைந்திருந்தன. அவ்வாண்டின் இறுதியில் மக்களிடையே இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிச் செல்ல வேண்டுமென்று 148 பேர். வேண்டாவென்று 5 பேர். 1963 ஆம் ஆண்டில் பெரும்பாலோர் தம் மலையடிக்கு மீண்டனர்.

இதனைப் பேதைமை என்பதா, பேரன்பு என்பதா? இரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. அவர்கள் நவீன வாழ்வை அறியாது மறுத்தவர்கள் அல்லர். ஈராண்டு அதனுள் வாழ்ந்து, எடை போட்டுப் பார்த்து மறுத்தவர்கள். சில ஆண்டுகளின் பின்னர் அவர்களுட் சிலர் மீண்டும் இங்கிலாந்துக்கே சென்றனர் என்பதும் உண்மை. அதனையும் ஊர் தடுக்கவில்லை. செல்லுதலும் மீளுதலும் அவரவர் தெரிவாய் இருந்தமையே இங்கு முக்கியமானது. இடம்பெயர்ந்த மக்களுக்கு எது நன்மை என்பதனைப் பிறர் தீர்மானித்துவிடுதல் எளிது. அவர்களையே கேட்டு, கேட்ட விடையை ஏற்றுக்கொள்வதுதான் அரிது. அங்கு அது நிகழ்ந்தது.

1967 ஆம் ஆண்டில் சிறு துறைமுகம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. கால்சொட் என்றே அதற்குப் பெயரிட்டனர். அடைக்கலம் தந்த ஊரை அவர்கள் மறக்கவில்லை. இன்று அங்கு வாழ்வோர் இருநூற்றுச் சொச்சம் பேர். விமான நிலையம் இல்லை. கப்பற் பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். நிலம் இன்றும் ஊருக்குப் பொது. 2020 ஆம் ஆண்டில் தம்மைச் சூழ்ந்த ஏறத்தாழ 6,87,000 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தனர்.

ஒருவரும் மற்றொருவர்க்கு மேலானவர் அல்லர் என்று மூவர் எழுதிவைத்த சிறு தாளிலிருந்து தொடங்கிய ஊர், தன் தலைவிதியை வாக்கெடுத்துத் தீர்மானித்தது வியப்பன்று.