வேதிப்பிணைப்பு

அணுக்களைச் சேர்த்து மூலக்கூறாகவோ படிகமாகவோ நிறுத்தும் கவர்ச்சி விசை வேதிப்பிணைப்பு எனப்படும். அணுக்கள் தனித்திருப்பதைவிடச் சேர்ந்திருக்கையில் மொத்த ஆற்றல் குறைவதே பிணைப்பு உண்டாகக் காரணம். வெளிக்கூட்டிலுள்ள இணைதிறன் எலக்ட்ரான்களே இதில் பங்கேற்கின்றன. 1916-இல் வால்தர் கோசல் எலக்ட்ரான் இடமாற்றத்தையும், அதே ஆண்டில் கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான் இணைப் பகிர்வையும் விளக்கினர்.

எலக்ட்ரானை ஓர் அணு இழந்து மற்றொன்று ஏற்றால் உண்டாவது அயனிப் பிணைப்பு. சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது என்பது போலப் பள்ளியில் சொல்லித்தருவது முழு உண்மையன்று. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அதை ஏற்கும்போது கிடைப்பதோ 349 மட்டுமே. கணக்கு நட்டத்தில்தான் நிற்கிறது. அதை ஈடுகட்டுவது படிகம். ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம் அயனிகளும் சூழ்ந்து அடுக்கும்போது ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. எனவே உப்புப் படிகத்தில் தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. 801 டிகிரி செல்சியஸ் வரை அது உருகாததும் இதனால்தான்.

எலக்ட்ரான் இணையை இரு அணுக்களும் பகிர்ந்துகொள்வது சகப்பிணைப்பு. நைட்ரஜன் மூலக்கூறில் மூன்று இணைகள் பகிரப்படுகின்றன. அதை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். வைரம் முழுவதும் சகப்பிணைப்பால் ஆன ஒற்றை வலைப்பின்னல்.

உலோகப் பிணைப்பில் எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் உரியனவாக இல்லாமல் படிகம் முழுதும் உலவுகின்றன. அடுக்குகள் நகர்ந்தாலும் பிணைப்பு அறாது. சுத்தியலால் அடித்தால் செம்பு தகடாகிறது; உப்புக்கல்லோ நொறுங்குகிறது, ஏனெனில் நகர்ந்த அடுக்கில் ஒத்த மின்னூட்டங்கள் நேருக்கு நேர் வந்து விலக்குகின்றன.

மூலக்கூறுகளுக்கிடையிலான ஹைட்ரஜன் பிணைப்பும் வான்டர்வால்ஸ் விசையும் வலிமை குறைந்தவை. ஆயினும் நீர் 100 டிகிரியிலும் ஹைட்ரஜன் சல்பைடு சுமார் −60 டிகிரியிலும் கொதிப்பதற்கு முதன்மைக் காரணம் நீரிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்பே.

இவ்வகைப்பாடு வசதிக்கானது, பெரும்பாலான பிணைப்புகள் இடைப்பட்டவை. 1932-இல் லைனஸ் பாலிங் வகுத்த எலக்ட்ரான் கவர்திறன் அளவில் வேறுபாடு கூடக்கூட அயனித் தன்மையும் கூடும். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற பள்ளி விதியும் எப்போதும் செல்லாது: அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அளவிலேயே பதங்கமாகி, சகப்பிணைப்பு மூலக்கூறுகளாக ஆவியாகிறது.