கியூறி கண்ட இரண்டு உண்மைகள்

செங்கனலாகக் காய்ந்த இரும்பு காந்தத்தன்மையை இழக்கும் என்பதைக் கில்பேட்டு 1600 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். வெப்பத்துக்கும் காந்தத்துக்குமுள்ள இத்தொடர்பை அளந்து விதியாக்கியவர் பியர் கியூறி. பரகாந்தப் பொருள்களின் காந்தமேற்கும் தன்மை தனிவெப்பநிலைக்கு நேர்மாறு விகிதமாகும் என 1895 இல் அவர் நிறுவினார். 1903 இல் அவரே லபோட்டுடன் கூடி, ஒரு கிராம் இரேடியம் மணிதோறும் ஏறத்தாழ 100 கலோரி வெப்பத்தை வெளிவிடுதலைக் கண்டார். கதிரை அதன் வெப்பத்தாலும் அளக்கலாமென்பது இதனாற் புலனாயிற்று. ஒருவர் கையிலிருந்த இவ்விரண்டு உண்மைகளும் அன்று ஒன்றுசேராமை வியப்பன்று. ஒற்றைக் கதிர்த்துணிக்கை தரும் வெப்பம் அக்காலக் கருவிகளுக்கு எட்டாதது. 1906 இல் பாரிசு வீதியில் வண்டிச் சில்லில் அகப்பட்டுக் கியூறி மறைந்தார்.

பிற்காலக் காந்தக் கலோரிமானியிலேயே அவை இணைந்தன. ஏபியம் சிறிதளவு கலந்த பொன், தனிப்பூச்சியத்துக்கு மேல் பாகையின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த குளிரில் வைக்கப்படுகின்றது. கியூறி விதிப்படி, குளிர் மிகுமளவுக்கு உணர்திறனும் மிகும். எக்சுக்கதிர்த் துணிக்கை ஒன்று வீழ்ந்ததும் பொன் இம்மியளவு சூடேறக் காந்தம் தளர்கின்றது. அத்தளர்ச்சியின் அளவே துணிக்கையின் சத்தியைக் காட்டுகின்றது.