செம்பரம்பாக்கத்தின் 24 அடி

அசோக் நகரில் வீடு பார்க்க வருபவர்கள் இன்னமும் கேட்கிற கேள்வி, "2015ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" பதில் தெருவுக்குத் தெரு மாறும். ஆனா பேச்சு கடைசியில் செம்பரம்பாக்கத்தில் போய் நிற்கும். அந்த ஏரி நம்ம குழாய்க்குள் எப்படி வந்தது என்ற கதை இல்லாமல் 2015 புரியாது என்பது என் எண்ணம்.

அடிப்படையில் அது பழைய பாசன ஏரி. சுற்றியுள்ள கிராமங்களின் வயலுக்காகத் தேக்கியது. சென்னை குடிநீருக்கு வடக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது: 1872-ல் செங்குன்றம், பிறகு பூண்டி. பூண்டிக்காக மல்லுக்கு நின்றவர் மேயர் சத்தியமூர்த்தி. 1940-ல் அடிக்கல், 1944-ல் திறப்பு. பாவம், மனுஷர் 1943-லேயே போய்விட்டார்.

1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் போட்ட கிருஷ்ணா ஒப்பந்தப்படி 1996-ல் பூண்டிக்குத் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரைத் தேக்க இடம் வேண்டுமே? பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்குக் கால்வாய் இருக்கிறது. 2007-ல் ஏரிக்கரையில் நாளுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையமும் வந்தது. ஏரியின் வேலையே மாறிப்போச்சு.

பாசன ஏரி நிரம்பினால் விவசாயி சில மாதத்தில் இறைத்து முடித்துவிடுவான். குடிநீர் ஏரி அப்படியில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பிடித்ததை அடுத்த மழை வரை வைத்து ஓட்டணும். அதனால் நவம்பர் கடைசியில் மதகைத் திறக்க எந்தப் பொறியாளருக்கும் கை வராது. வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றாலோ அதே நவம்பரில் ஏரியில் காலி இடம் இருக்கணும். இரண்டுக்கும் இருப்பது ஒரே 24 அடி, 3.645 டிஎம்சி.

2015 டிசம்பர் 1 காலையில் ஏரியில் 3 டிஎம்சிக்கு மேல் இருந்தது. வெளியேற்றம் நொடிக்கு ஆயிரம் கன அடிகூட இல்லை. அன்றைக்கு ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. இரவுக்குள் வெளியேற்றம் 29,000 கன அடி. அதாவது நொடிக்கு எட்டு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட 70 லாரி, ஒவ்வொரு நொடியும்! அடையாறு ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரை தாண்டியது.

இதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று 2018-ல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சொன்னது. 29,000 கன அடியைத் தொடர்ந்து 21 மணி நேரம் விட்டது தவறு என்பது அதன் வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்லணும்: ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அடையாற்றுக்குத்தான் வருகிறது. எல்லாத் தண்ணியும் செம்பரம்பாக்கம் மதகில் வந்ததில்லை. இந்தப் பக்கம் தண்ணீர் தங்க இருந்த மாம்பலம் ஏரியையும் 1920களில் தூர்த்து தி.நகர் ஆக்கிவிட்டோம். (வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி விட்ட ஏரி அது!) என்னைக் கேட்டால், தவறு அந்த ராத்திரியில் நடக்கவில்லை. நவம்பர் மழைக்குப் பிறகும் ஏரியை ஏறக்குறைய நிறைத்தே வைத்திருந்த நாட்களில் நடந்தது.

ஆனால் நிறைத்து வைத்தவர்களை எளிதாகத் திட்டவும் முடியவில்லை. நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2015-ல் மொட்டை மாடிக்கு ஓடிய அதே தெருக்காரர்கள் குடத்தோடு லாரிக்கு நின்றார்கள்.

2020 நிவர் புயலில் வேறு மாதிரி செய்தார்கள். நவம்பர் 25 மதியம், ஏரி 22 அடியைத் தொட்டதும், முதலில் 1,000 கன அடி திறந்து, பிறகு 9,000 வரை கூட்டினார்கள். கரையோரத்தில் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அந்த 2 அடி சும்மா இல்லை. அரை டிஎம்சிக்கு மேல். 53 கோடி லிட்டர் நிலையம் முழு வேகத்தில் ஓடினாலும் மூன்று வாரத்தைத் தாண்டி வரும் தண்ணீர். அடுத்த மழை பொய்த்தால் அந்த மூன்று வாரம் யாருடைய குழாயில் குறையும் என்று நான் பார்த்த எந்த வெள்ள அறிக்கையிலும் இல்லை.