வெயிலைத் தேடிப் போன குடும்பங்கள்

குளிர்காலம் வந்ததும் ஐரோப்பாவில் வசதியுள்ள குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயில் அடிக்கும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகின்றன. இன்று அது ஓய்வு, உல்லாசம், புகைப்படம். ஆனால் இந்தப் பழக்கம் உல்லாசத்தால் பிறந்ததல்ல, உயிர் பயத்தால் பிறந்தது! பிரான்சின் தெற்குக் கடற்கரையான ரிவியேராவின் வரலாறே இதற்குச் சாட்சி.

முதலில், ஏன் அந்த இடம்? வடக்கே ஆல்ப்ஸ் மலை சுவர் போல நின்று குளிர்காற்றைத் தடுக்கிறது. தெற்கே மத்தியதரைக் கடல், கோடையில் சேர்த்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெல்ல மெல்ல வெளியிடுகிறது. அங்குள்ள நீஸ் நகரில் ஜனவரி மாதப் பகல் வெப்பம் சுமார் 13 டிகிரி செல்சியஸ். நமக்கு அது ஸ்வெட்டர் தேடும் குளிர். நிலக்கரிப் புகையிலும் மூடுபனியிலும் இருமிக்கொண்டிருந்த லண்டன்வாசிகளுக்கோ அது சொர்க்கம்.

மகளை இழந்த எழுத்தாளர்

டோபையாஸ் ஸ்மாலெட் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், நாவலாசிரியர். 1763இல் அவருடைய ஒரே மகள் எலிசபெத் 15 வயதில் இறந்துபோனாள். அவருக்கோ நெஞ்சு நோய். அதே ஆண்டு மனைவியோடு புறப்பட்டு நீஸ் போய்ச் சேர்ந்தார். அப்போது நீஸ் சார்டீனியா அரசுக்குச் சொந்தம். பிரான்சோடு இணைந்தது 1860இல்தான்.

அங்கே அவர் தினமும் வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் குறித்து வைத்தார். கடலில் இறங்கிக் குளித்தார். நோயாளி கடலில் குளிப்பதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களுக்கு ஒரே ஆச்சரியம்! 1766இல் அவருடைய பயண நூல் வெளியானது. அதைப் படித்த ஆங்கிலேயர்களுக்கு நீஸ் அறிமுகமானது. குளிர்காலம் தோறும் அங்கே அவர்கள் கூட்டம் பெருகியது.

அந்தக் கூட்டம் விட்டுச் சென்ற அடையாளம்தான் நீஸின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலை. 1821-22 குளிர்காலத்தில் உள்ளூரில் வறுமை தலைவிரித்தாடியது. லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் தன் நாட்டவரிடம் பணம் திரட்டி, ஏழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு பாதை போடவைத்தார். சுமார் 2 மீட்டர் அகலம்தான். அதுதான் இன்று 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்ற பெயரில் 7 கிலோமீட்டர் நீள்கிறது. காற்று வாங்கியவர்கள் விருந்தாளிகள், கல் சுமந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

எல்லையில் திருப்பி அனுப்பப்பட்ட தந்தை

கேன்ஸ் என்றால் இன்று திரைப்பட விழா நினைவுக்கு வரும். 1834இல் அது ஒரு சிறிய மீனவ ஊர். அந்த ஆண்டு வரை பிரிட்டனின் லார்டு சான்சலராக இருந்த ஹென்றி புரூம், உடல்நலம் குன்றிய மகள் எலியனோரை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டார். வழியில் வார் ஆற்று எல்லையில் தடை. பிரான்சில் காலரா பரவியதால் சார்டீனியா யாரையும் உள்ளே விடவில்லை. பெரிய பதவியில் இருந்தவர் என்ற சலுகையும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றித் திரும்பி கேன்ஸில் தங்கினார். ஊர் பிடித்துப்போகவே நிலம் வாங்கி, மகளின் பெயரிலேயே மாளிகை கட்டினார்.

மகள் பிழைக்கவில்லை. 1839இல் இறந்தாள். தந்தை மட்டும் அங்கே வருவதை நிறுத்தவில்லை. அவரைப் பின்பற்றி மற்ற ஆங்கிலேயக் குடும்பங்களும் வந்தன. 1868இல் அவரும் கேன்ஸிலேயே இறந்து, அங்கேயே அடக்கமானார்.

1863இல் கேன்ஸுக்கும் 1864இல் நீஸுக்கும் ரயில் வந்தது. அதன்பின் அரச குடும்பங்களே வரத் தொடங்கின. விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸுக்கு வந்தார். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பவில்லை. ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கொலாய் 1865இல் தன் 21ஆவது வயதில் நீஸில்தான் உயிர்விட்டார்.

நோய் விலகியது, உல்லாசம் நுழைந்தது

வெயில் காசநோயைத் தீர்த்ததா? இல்லை. வேறு மருந்து இல்லாததால் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த நம்பிக்கை அது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். தொற்றுநோய் என்று தெரிந்ததும் இருமுகிறவர்களைச் சேர்க்க விடுதிகள் தயங்கின. நோயாளிகள் மெல்ல சுவிட்சர்லாந்தின் மலைச் சானடோரியங்களுக்குத் திரும்பினார்கள்.

அதுவரை கோடையில் ரிவியேரா விடுதிகள் பூட்டியே கிடந்தன. 1923இல் மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி, ஆன்டீப் ஊரின் பெரிய விடுதி ஒன்றைக் கோடையிலும் திறந்து வைக்கச் செய்தனர். மூன்று குழந்தைகளோடு மணலில் வெயில் காய்ந்தனர். கோடைக்கால ரிவியேரா என்ற மோகம் பரவ அவர்களும் முக்கியக் காரணம். விதியைப் பாருங்கள்... 1929இல் அவர்களுடைய இளைய மகன் பேட்ரிக்குக்கே காசநோய்! கடற்கரையை விட்டு அவனைச் சுவிஸ் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1937இல் அவன் இறந்தான். காசநோயைக் குணப்படுத்திய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்!

இதற்கிடையே 1936இல் பிரான்சில் லியோன் பிளம் அரசு, தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. மாளிகைக்காரர்களின் கடலை அதன்பிறகுதான் பல தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்த்தார்கள்.

2021இல் யுனெஸ்கோ நீஸ் நகரை 'குளிர்கால ஓய்வு நகரம்' என்றே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று அங்கே குழந்தைகள் ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். ஒரு காலத்தில் அதே கரையில் பெற்றோர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை அடுத்த குளிர்காலத்தையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கு வெயில் தர முடியாததை மருந்து தந்தது. மற்றவர்களுக்குப் பணம் இல்லாததால் கிடைக்காத கடலைச் சட்டம் தந்தது. கவலையில்லாத விடுமுறை என்பது இந்த இரண்டும் சேர்ந்து கொடுத்த வரம்.